ரியாத் கிளைமேட்ல நம்மாளுங்க அடிக்கடி பண்ற தப்புங்க

ரியாத்துக்கு வேலைக்கு வர்ற நம்மாளுங்க நிறைய பேரு "சென்னை வெயிலையே பாத்தாச்சு, இது என்ன பெருசா"ன்னு தைரியமா வந்து எறங்குறாங்க. இங்க வெயிலை விட காத்துல ஈரமே இல்லாததுதான் பெரிய பிரச்சனை. கடல் எங்கயோ இருக்கு, ஊரு பாலைவன மேட்டுல 600 மீட்டர் உயரத்துல இருக்கு, வருஷம் பூரா பெய்ற மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

வேர்க்கலையேன்னு தண்ணி குடிக்காம இருக்குறதுதான் மொத தப்பு, ரொம்ப ஆபத்தான தப்பும் கூட. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் பகல்ல 43, 45 டிகிரி சாதாரணம். கடலோரத்துல இருக்குற ஜித்தால சட்டை தொப்பலா நனைஞ்சுடும், அதனால ஒடம்புலேர்ந்து தண்ணி போறது நமக்கே தெரியும், இங்க வேர்வை வந்த வேகத்துல காஞ்சு போயிடுது, சட்டை அப்படியே இருக்கும், ஆனா உள்ள தண்ணி எறங்கிட்டே இருக்கும். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, யூரின் கலர் அடர் மஞ்சளா மாறுதான்னு பாருங்க.

ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12 டு 3 நேரடி வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, நம்ம பசங்க அந்த கேப்லதான் பக்காலாவுக்கு (மளிகைக் கடைக்கு) நடந்து போவாங்க! 3 மணி ஆயிட்டா வெயில் தணிஞ்சுடும்னும் நெனைக்காதீங்க, சூடு உச்சத்துக்குப் போறதே 3, 4 மணி வாக்குலதான்.

அப்புறம் குளியல். மொட்டை மாடி டேங்க் தண்ணி கொதிக்கும், அதனால சம்மர்ல ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு ஹாட் வாட்டர் பைப்பை தொறங்க, ஹீட்டர் டேங்க் வீட்டுக்குள்ள இருந்தா அந்த தண்ணிதான் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்தது, பாலைவனத்துல குளிர் ஏதுன்னு ஜெர்கின், கம்பளி எதுவும் இல்லாம வர்றது. ஈரமும் மேகமும் இல்லாததால பகல் சூட்டை புடிச்சு வைக்க ஒண்ணுமே இல்ல, பொழுது சாஞ்சா எல்லாம் வானத்துக்குப் போயிடும். டிசம்பர், ஜனவரி ராத்திரில 10 டிகிரிக்கு கீழ போறது சகஜம், செல வருஷம் ஜீரோ பக்கமே போகும். டிசம்பர் மொத வாரத்துலேர்ந்து ஒரு 40 நாள் கடுங்குளிர்க்கு இந்த ஊர்க்காரங்க முரப்பானியான்னு தனிப்பேரே வச்சிருக்காங்க. ஒதடு வெடிக்கும், மூக்குல ரத்தம் கூட வரும், தேங்கா எண்ணெயோ வாஸ்லினோ கையோட வச்சுக்கோங்க.

மார்ச்லேர்ந்து மே வரைக்கும் புழுதிக்காத்து. 2009 மார்ச் 10ல வந்த புழுதில ஊரே இருட்டிப் போச்சு. ஆஸ்துமா இருக்குறவங்க இன்ஹேலர் இல்லாம வெளிய போகாதீங்க.

மழை கம்மிதானேன்னு அலட்சியமும் வேண்டாம். நவம்பர்லேர்ந்து ஏப்ரலுக்குள்ள மொத்தமா கொட்டும், காஞ்சு இறுகின தரை தண்ணியை உள்ள வாங்காது, சப்வேயும் வாதியும் கொஞ்ச நேரத்துல ரொம்பிடும். வாதின்னா பாக்க காஞ்ச ஓடை மாதிரிதான் இருக்கும், ஆனா எங்கயோ தூரத்துல பெஞ்ச மழை இங்க வெள்ளமா வந்து காரையே இழுத்துட்டுப் போயிடும், அதுக்குள்ள டென்ட் போடவே போடாதீங்க.

இன்னொண்ணு, குளிருக்கு ரூம்லயோ டென்ட்லயோ கரி அடுப்பை மூட்டி கதவை சாத்திட்டு தூங்குறது. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். தூங்குறதுக்கு முன்னாடி கரியை வெளிய கொண்டு போய் அணைச்சுட்டு ரெண்டு போர்வை சேத்து போத்திக்கோங்க.