களிமண் தட்டுச் சுடுதலுக்குத் தோட்டா நிரப்புவோர் காலிக் கூட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இப்போது அங்கே பால்-ட்ராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுடுகிறார்கள். விடுமுறைக்கு முத்தியால்பேட்டைக்கோ லாஸ்பேட்டைக்கோ வரும்போது, சுட்ட தோட்டாவைத் திரும்ப நிரப்ப எந்த வெடிமருந்து நல்லது, எந்த இயந்திரம் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். மருந்தும் குண்டுகளும் அடங்கும் உறையான கூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கூட்டை முடிவு செய்த பிறகுதான் மருந்து, வாட் (மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு குமிழ்) எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியும். அங்கே பல ஆண்டுகள் நிரப்பிச் சுட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் தேவை என்பதால், இந்த விளக்கம் உரிய அனுமதியுடன் அங்கே நிரப்புவோருக்கு மட்டுமே.

முதல் படி: அளவு. 12 கேஜ் (துப்பாக்கிக் குழலின் விட்ட அளவு), 70 மி.மீ. நீளக் கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் அளப்பது. வாயை மடித்து மூடிய தோட்டா இதைவிடக் குட்டையாகவே இருக்கும். ஐரோப்பாவில் 67 மி.மீ. கூடுகளும் கிடைக்கின்றன. இரண்டும் கலந்துவிட்டால் மடிப்பு ஒன்றில் ஆழமாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் விழும்.

இரண்டாம் படி: எங்கே பொறுக்குவது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவை மொத்தமாக வாங்கி, நீங்களே சுட்டு, அந்தக் கூடுகளை வைத்துக்கொள்வதே சிறந்தது. மைதானத்தில் கிடப்பதைப் பொறுக்கினால், அது எத்தனை முறை நிரப்பப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: உள்ளே பார்ப்பது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு கூட்டின் பிரைமரைக் கழற்றிவிட்டு, வாயிலிருந்து அடியிலுள்ள பித்தளைத் தொப்பி வரை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். ரெமிங்டன் எஸ்.டி.எஸ். கூட்டில் சுவர் கீழே இறங்க இறங்கத் தடித்து, அடிப்பகுதியும் சுவரும் ஒரே உடலாக இருக்கும். ஷெடிட், ஃபியோக்கி கூடுகளில் சுவர் ஒரே தடிமனில் நேராக இறங்கும். அடியில் பேஸ் வாட் எனும் அடித்தளம் தனித் துண்டாக அமர்ந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். வின்செஸ்டர் ஏ.ஏ. கூட்டில் பழையது ஒரே துண்டு, புதியது இரண்டு துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு எளிதில் புலப்படாது. ஷெடிட் கூட்டையோ பல நிறுவனங்கள் வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்கின்றன. ஆகவே கூட்டின் மேல் உள்ள பெயரை வைத்துக் கூட்டை அடையாளம் காண முடியாது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அழுத்தம். பேஸ் வாட் உயரமானால் மருந்துக்கும் வாட்டுக்கும் உள்ள இடம் குறைந்து, அதே அளவு மருந்து வேறு அழுத்தத்தைத் தரும். நேர்ச்சுவர்க் கூட்டுக்கான வாட்டைக் கீழே தடிக்கும் சரிந்த சுவருக்குள் திணித்தால் அதன் விளிம்பு மடங்கும். சரிந்த சுவருக்கான வாட்டை நேர்ச்சுவரில் இட்டால் ஓரமாக மருந்து மேலே கசியும். மருந்து நிறுவனம் தரும் நிரப்பும் அளவுகளின் அட்டவணையில் கூட்டின் பெயர் குறிப்பிடப்பட்டிருப்பது இதனால்தான். உங்கள் கூடு அட்டவணையில் இல்லையென்றால், அதைப் போன்ற இன்னொன்றின் அளவை எடுத்துக்கொள்ளாமல், அட்டவணையில் உள்ள கூட்டுக்கு மாறுங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்ட ட்ராப் போட்டியில் 24 கிராம் ஈயக்குண்டுதான் அனுமதி. அந்த எடைக்கு நிரப்புவோர் உள்ளிடம் அதிகமான கூட்டில் உயரம் குறைந்த வாட்டை இட்டால், மடிப்பு நடுவில் குழிந்து போகும்.

நான்காம் படி: கழிப்பது. வாயின் மடிப்புக் கோடுகளில் வெடிப்பு இருந்தாலோ, பித்தளைக்குச் சற்று மேலே ஊசித்துளை போலக் கருகியிருந்தாலோ எறிந்துவிடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்து, மரக்குச்சியால் பேஸ் வாட்டை அழுத்துங்கள். சற்றே அசைந்தாலும் அந்தக் கூடு வேண்டாம். கழன்ற பேஸ் வாட் துப்பாக்கிக் குழலில் சிக்கிக்கொண்டால், அடுத்த வெடியில் குழலே பிளக்கக்கூடும்.

அடித்தொப்பி பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்பதைக் காந்தம் வைத்துப் பாருங்கள். எனக்குப் பித்தளையே பிடிக்கும்; சுட்டதும் விரிந்த தொப்பியை மீண்டும் அளவுக்குச் சுருக்கும்போது அது எளிதில் படிகிறது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அறுத்து இங்கே வீட்டில் வைத்திருக்கும் மாதிரிகளில், இரும்புத் தொப்பியின் விளிம்பு கடற்காற்றில் செம்பழுப்பாகத் துருவேறி விரலில் ஒட்டுகிறது. பக்கத்திலுள்ள பித்தளை வெறுமனே மங்கியிருக்கிறது. தொப்பியின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிளாஸ்டிக் கூட்டில் அது வலிமையைக் குறிப்பதில்லை.

ஐந்தாம் படி: மடிப்பை எண்ணுவது. ஆறு மடிப்பா, எட்டு மடிப்பா என்று பார்த்து, மடிப்பைத் தொடங்கிவைக்கும் கருவியான கிரிம்ப் ஸ்டார்ட்டரை அதற்கேற்றபடி இயந்திரத்தில் பொருத்துங்கள். சுருட்டி மூடிய வாய் உள்ள கூடுகளைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுங்கள். இயந்திரத்தில் என் தேர்வு மெக் சைஸ்மாஸ்டர். அதன் வளையம் இரும்புத் தொப்பியையும் நன்றாகச் சுருக்கும். லீ லோட்-ஆல் விலை குறைவு என்றாலும், தொடர்ந்து சுடுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த உறவினர் ஒருவர், எல்லா 209 பிரைமரும் (இவ்வகைத் தோட்டாக்களின் வழக்கமான பிரைமர் அளவு) ஒன்றுதானே என்று கேட்டிருந்தார். ஒன்றல்ல. முதலில், பிரைமரை மாற்றினாலும் அழுத்தம் மாறும். அட்டவணையில் எந்தப் பிரைமர் சொல்லியிருக்கிறதோ அதையே போட வேண்டும். அடுத்து, ஷெடிட், ஃபியோக்கி பிரைமர்கள் அமெரிக்கப் பிரைமர்களைவிடச் சற்றே பருமனானவை. அவற்றை ரெமிங்டன், வின்செஸ்டர் கூட்டில் ஒரு முறை இட்டால் துளை விரிந்துவிடும். பிறகு அமெரிக்கப் பிரைமர் அதில் இறுக்கமாக நிற்காது. அப்படி விரிந்த கூடுகளின் தொப்பியில் மார்க்கரால் அடையாளமிட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். கட்டைவிரல் அழுத்தத்திலேயே பிரைமர் உள்ளே போகும் கூட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.