ஒரு வார்டில் கொசுப்புழுக் கணக்கெடுப்பு: இளங்கலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை

விலங்கியல் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்காகக் கும்பகோணத்தில் ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, ஏடிஸ் கொசுப்புழு எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று கணக்கெடுத்தேன். இரண்டு வாரம் காலை காலையாக நடந்து, நோட்டு நிறைய எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது வழிகாட்டி ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மொத்தம் எத்தனை வீடும்மா பார்த்தே?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புழு இருந்த வீடுகளை எல்லாம் குறித்திருந்தேன். பார்த்த வீடுகள் எத்தனை என்பது நோட்டில் இல்லை. முதல் தெருவிலிருந்து மறுபடி நடந்தேன். நீங்கள் அப்படி இரண்டாம் முறை நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விலங்கியல், செவிலியர் படிப்பு, சமூகப் பணி, புவியியல், மருத்துவத்தில் சமூக மருத்துவம் என்று எதைப் படித்தாலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு கிடையாது.

எந்தக் கொசு?

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குக் கொசு என்றதும் வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். வயல் தண்ணீரில் வளரும் கொசு வேறு, சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் வேறு. யானைக்கால் நோயை ஒரு காலத்தில் கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்தே சொல்லக் காரணம் அந்தச் சாக்கடைக் கொசுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இந்த இரண்டு இடத்திலும் வளர்வது அரிது. நாம் சேமித்து வைக்கிற ஓரளவு சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பீப்பாய், சிமெண்டுத் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு இவையெல்லாம் அதன் இடங்கள். தெருவில் இறங்கியதும் நாலு பேர் குளத்தையும் ஆற்றையும் கைகாட்டுவார்கள். மீன் இருக்கிற குளத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

முட்டை போடும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

அனுமதியும் நேரமும்

துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி மாநகராட்சி நல அலுவலரைப் பாருங்கள். கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் அவர்கள் ஒப்புதலும் வேண்டும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய உதவி, அந்த வார்டில் வேலை செய்யும் டி.பி.சி. பணியாளர்தான். வீட்டுக்கு வீடு கொசுப்புழு பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை. நான் போன தெருவில் ஒரு அக்கா முதல் நாள் முழுக்கக் கூட வந்தார். அவர் அறிமுகம் செய்த வீடுகளில் யாரும் என்னை வாசலிலேயே நிறுத்தவில்லை. எந்த வீட்டில் மாடித் தொட்டிக்கு மூடி இல்லை என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அவர்களிடம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களாகவே போங்கள்.

மாதம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, கொல்லையில் கிடப்பதெல்லாம் நிறைந்திருக்கும் காலம். முடிந்தால் பங்குனி, சித்திரையில் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். கோடையில் மழைத் தண்ணீர்க் கலன்கள் காய்ந்து போயிருக்கும், குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்த பீப்பாய்கள் மட்டும் நிற்கும். இரண்டையும் பார்த்தால்தான் மழை செய்வது எது, தண்ணீர்ப் பற்றாக்குறை செய்வது எது என்று பிரியும்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமைக்காக வியாழன் இரவே பாத்திரம், குடம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. நான் ஒரு தெருவை வெள்ளியன்றும் அடுத்த தெருவை புதனன்றும் பார்த்துவிட்டு, முதல் தெரு சுத்தம் என்று எழுதிவிட்டேன். ஒப்பிடப் போகும் தெருக்களை ஒரே கிழமையில் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

நல்ல டார்ச், வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம், நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி, சொட்டுக்குழாய், மூடியுள்ள சிறு குப்பிகள். கிண்ணம் வெள்ளையாகவே இருக்கட்டும். எவர்சில்வரில் புழு கண்ணுக்குத் தெரியாது. பதிவுக்கு நான் தாளும் பென்சிலும்தான் சொல்வேன், பேனா மழையில் கரையும். போனில்தான் செய்வேன் என்பவர்கள் கோபோ டூல்பாக்ஸ் பயன்படுத்துங்கள். இலவசம், சிக்னல் இல்லாத உள்வீடுகளிலும் வேலை செய்யும். கூகுள் ஃபார்ம் எனக்குப் பிடிக்கவில்லை, ரேழியைத் தாண்டி உள்ளே போனதும் இணையம் போய்விடுகிறது.

டார்ச்சைச் சட்டென்று தண்ணீர் மேல் அடிக்காதீர்கள். ஏடிஸ் புழு வெளிச்சத்தையும் நிழலையும் கண்டு அடியில் போய்விடும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்சு விட மேலே வரும். வாலில் உள்ள மூச்சுக்குழல் குட்டையாகத் தடித்திருந்தால் ஏடிஸ். நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ். குழலே இல்லாமல் தண்ணீர் மட்டத்தோடு படுத்திருந்தால் அனாபிலிஸ். சந்தேகம் வந்தால் குப்பியில் எடுத்துவந்து ஆய்வகத்தில் பாருங்கள். குப்பியின் மேல் வீட்டு எண்ணை அங்கேயே எழுதிவிடுங்கள்.

'வீடு' என்றால் என்ன?

நான் சறுக்கிய இடம் இது. கணக்கு மூன்றும் எளிமையானவைதான்.

வீட்டுக் குறியீடு: புழு இருந்த வீடுகளை, பார்த்த வீடுகளால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.
கலன் குறியீடு: புழு இருந்த கலன்களை, தண்ணீர் இருந்த கலன்களால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.
பிரெட்டோ குறியீடு: பார்த்த 100 வீடுகளுக்குப் புழு இருந்த கலன்கள் எத்தனை என்பது.

மேலே உள்ள எண்ணை எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். புழு நெளிவதைப் பார்த்தவர் அதை மறக்கமாட்டார். வகுக்கும் எண்தான் கைவிட்டுப் போகிறது, ஏனென்றால் புழு இல்லாத வீடு நினைவில் நிற்பதில்லை.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ இறந்தவர்களை வரைபடத்தில் குறித்தார் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். நோய் வராதவர்களையும் அவர் தேடிப் போய் எண்ணினார் என்பது எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுகிறது. பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழையர் விடுதியில் 5 பேர்தான் காலராவில் இறந்திருந்தார்கள். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அந்த 535 தெரியாமல் 5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

இனி நம் ஊர். பழைய தெருக்களில் ஒரு வாசல், ஒரு கதவு எண். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று போய்க்கொண்டே இருந்தால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். அதே மாதிரி வாசலுள்ள இன்னொரு கட்டடம் ஸ்டோர் வீடாக இருக்கும். உள்ளே ஆறு குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பீப்பாய், கொல்லையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுத் தொட்டி. இது ஒரு வீடா, ஆறு வீடா? நான் முதல் தெருவில் கதவு எண்ணை வைத்து எண்ணினேன். மூன்றாவது தெருவில் குடித்தனத்தை எண்ணினேன். மாறிவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். பார்த்த குடித்தனம் 80. அவற்றில் 8-இல் புழு. தண்ணீர் இருந்த கலன் 240, புழு இருந்தது 12. வீட்டுக் குறியீடு 10, கலன் குறியீடு 5, பிரெட்டோ 15. இதே தெருவைக் கதவு எண்ணால் எண்ணினால் 64 வாசல், புழு இருந்தவை 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குறியீடு 10.9 ஆகிறது, பிரெட்டோ 18.75 ஆகிறது. தண்ணீர் அதே தண்ணீர், புழு அதே புழு. வகுக்கும் எண் மட்டும் மாறியது.

நான் கடைசியில் வைத்துக்கொண்ட விதி: தனியாக அடுப்பு எரிந்தால் தனி வீடு. ஸ்டோரின் பொதுத் தொட்டிக்குத் தனியாக ஒரு அடையாள எண் கொடுத்து, கலன் கணக்கிலும் பிரெட்டோவிலும் சேர்த்தேன். எந்த ஒரு குடித்தனத்தின் தலையிலும் அதைக் கட்டவில்லை. வேறு விதியும் வைக்கலாம். ஆனால் முதல் வாசலை மிதிப்பதற்கு முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள், அறிக்கையிலும் அதைச் சொல்லுங்கள்.

பூட்டிய வீடு அடுத்த சிக்கல். உள்ளே போய்ப் பார்க்காத வீடு வகுக்கும் எண்ணில் வராது. மேலே சொன்ன 80-ஓடு பூட்டிய 20-ஐயும் சேர்த்து 100 என்று எழுதினால் வீட்டுக் குறியீடு 10-லிருந்து 8-க்கு இறங்கிவிடும், பார்க்காத வீடெல்லாம் சுத்தம் என்று நாமே சொன்னது போலாகும். பூட்டியவற்றைத் தனி வரியில் எழுதி, மாலையில் ஒருமுறை, ஞாயிறன்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அங்கே மூடியில்லாத ஒரு தொட்டி இருந்தால் மழைக்காலம் முழுக்க யாரும் தேய்க்கப் போவதில்லை. எத்தனை வீடு அப்படி என்பதே உங்கள் அறிக்கையில் ஒரு முடிவுதான்.

வீடு தேர்ந்தெடுப்பதும் உள்ளே நடப்பதும்

வார்டு முழுக்கப் பார்க்க முடியாது. நான்கு வீட்டுக்கு ஒன்று என்று எடுத்தால், முதல் நான்கில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள். பிறகு வரிசை மாறக்கூடாது. தெரிந்தவர் வீடு, வா என்று கூப்பிடுகிற வீடு என்று நுழையாதீர்கள்.

உள்ளே போனதும், "அம்மா, காலேஜ்லேருந்து வரோம், தண்ணி வச்சிருக்கிற பாத்திரம் பார்க்கலாமா?" என்று கேட்டு, அவர்கள் சரி என்றபின் தொடுங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். பூஜை அறைப் பக்கமோ சமையலறையிலோ இருக்கும் குடத்தில் கை வைக்காமல் அவர்களையே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புழு இருந்தால் கிண்ணத்தில் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். நெளிவதைப் பார்த்தபின் நாம் விளக்கம் சொல்லவே தேவையில்லை. தண்ணீரை நீங்களாகக் கொட்டாதீர்கள். குழாய்த் தண்ணீர் நாள் விட்டு வரும் தெருவில் அந்தப் பீப்பாய் அவர்களுடைய இரண்டு நாள் பிழைப்பு. வடிகட்டி வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டுத் தேய்க்க உதவுங்கள். பெயரும் போன் எண்ணும் எழுத வேண்டாம், வீட்டு எண் போதும்.

எண்ணை என்ன செய்வது?

பிரெட்டோ 5-க்குக் கீழே என்றால் பயமில்லை என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அந்த எல்லை மஞ்சள் காய்ச்சலை வைத்து வந்தது. டெங்குவுக்கு அப்படியே பொருந்தாது. சிங்கப்பூரில் வீட்டுக் குறியீடு 1, 2 என்று இருந்தபோதும் டெங்கு பரவியிருக்கிறது. அதனால் "பாதுகாப்பான வார்டு" என்று எழுதாதீர்கள். எந்த வகைக் கலனில் அதிகம் என்பதை எழுதுங்கள். கூட்டுப்புழுக்களையும் எண்ணினால் இன்னும் நல்லது. புழுவில் பல செத்துப்போகும், கூட்டுப்புழு ஏறக்குறைய கொசுவேதான்.

பின்சேர்க்கை 1. மயிலாடுதுறையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார்: எக்செலில் கலனுக்கு ஒரு வரி போட்டேன், வீட்டு எண்ணிக்கை குறைவாக வருகிறது என்று. தண்ணீர்க் கலனே இல்லாத வீடுகள் அந்தத் தாளில் வரி பெறாமல் காணாமல் போயிருந்தன. வீடுகளுக்கு ஒரு தாள், கலன்களுக்கு ஒரு தாள், இரண்டையும் வீட்டு எண்ணால் இணையுங்கள்.

பின்சேர்க்கை 2. மருந்து ஊற்றிய தொட்டியை எப்படி எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். டெமிபாஸ் ஊற்றி, புழு இல்லாமல் இருந்தால், "தண்ணீர் உள்ளது, புழு இல்லை" என்றே எழுதி, பக்கத்துக் கட்டத்தில் "மருந்து" என்று குறியுங்கள். எந்தத் தேதியில் ஊற்றினார்கள் என்பதை டி.பி.சி. அக்காவிடம் கேட்டு அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.