சாட்சிக் கூண்டில் ஏறும் முன்

சம்மன் வந்துவிட்டதா? சரி, பயப்படாதீர்கள். விசாரணை நீதிமன்றத்தில் பல வருடம் வாதாடியவன் என்ற முறையில் சொல்கிறேன், உண்மை சொல்ல வந்தவர்களே குறுக்கு விசாரணையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தெரியாததற்கும் பதில் சொல்லப் பார்ப்பது. "தெருவிளக்கு எரிந்ததா?" என்று கேட்டால், கவனிக்கவில்லை என்றால் கவனிக்கவில்லை என்றே சொல்லுங்கள். புரியாத கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லலாம்.

போலீஸ் விசாரணையில் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 180-வது பிரிவு) உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது. ஆனால் அதற்கு முரணாகப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

அப்புறம், கோர்ட்டில் பதிவான சாட்சியத்தை நிதானமாகப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும், "ஐயா, நான் இப்படிச் சொல்லவில்லை" என்று அங்கேயே நீதிபதியிடம் சொல்லுங்கள்.