வேலைக்குத் திரும்பப் போகிறீர்களா? கையாலேயே தாய்ப்பால் எடுத்து வைக்கலாம்

84 நாள் பிரசவ விடுமுறை முடியும்போது "இனிப் பால்மாதான்" என்று கொழும்பில் எத்தனையோ அம்மாமார் முடிவு கட்டிவிடுகிறார்கள். தேவையே இல்லை. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது. பம்ப் வாங்க வசதி இல்லையா, பரவாயில்லை, கை போதும். வேலைக்குப் போக இரண்டு கிழமை இருக்கும்போதே பழகத் தொடங்குங்கள்.

முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மூடியுள்ள, வாய் அகன்ற போத்தல் ஒன்றைக் கொதிநீரில் அவித்து ஆறவிடுங்கள்.

அடுத்தது பிடி, எல்லாமே இதில்தான் இருக்கிறது. இளஞ்சூட்டுத் துணியை மார்பில் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாகத் தடவிவிட்டு, காம்பிலிருந்து 2-3 சென்டிமீட்டர் தள்ளி மேலே பெருவிரலையும் கீழே சுட்டுவிரலையும் வையுங்கள். நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, இரண்டு விரலையும் நெருக்கி, அப்புறம் விடுங்கள். அழுத்து, நெருக்கு, விடு. காம்பைப் பிடித்துப் பிதுக்கினால் பால் வராது, புண்தான் வரும். தோலில் விரல் வழுக்கவும் கூடாது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதைப் பார்த்து "எனக்குப் பால் இல்லை" என்று எழும்பிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்தால் பீறிட்டு வரும். பக்கத்துக்கு 3-5 நிமிடமாக மாறி மாறி, விரல் வைக்கும் இடத்தையும் சுற்றி மாற்றி, மொத்தம் 20-30 நிமிடம் எடுங்கள். வலித்தால் பிடி பிழை.

சரி, எடுத்த பாலை எங்கே வைப்பது? 25 பாகையில் 4 மணித்தியாலம் தாங்கும் என்பார்கள், ஆனால் நம் ஊர் வெக்கையில் அதை நம்பி மேசையில் விடாதீர்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள், கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கமாக. ஃப்ரீசரில் 6 மாதம். திகதி எழுதி ஒட்டுங்கள். அலுவலகத்தில் எடுத்ததை ஐஸ் பேக் போட்ட குளிர்ப்பையில் கொண்டுவரலாம்.

வீட்டில் கொடுக்கப்போவது அம்மம்மா என்றால் அவருக்கும் காட்டிக்கொடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த பாலில் மேலே கொழுப்பு படிந்திருக்கும், பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிட வேண்டாம், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம்; போத்தலை இளஞ்சுடுநீரில் வைத்தால் போதும். சின்னக் கோப்பையால் மெல்ல மெல்லப் பருக்கலாம், சூப்பி அவசியமில்லை. பிள்ளை குடித்து மிஞ்சியதை 2 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றிவிடுங்கள்.

கதவு பூட்டக்கூடிய ஒரு அறை வேண்டும் என்று விடுமுறை முடியுமுன்பே மேலதிகாரியிடம் கேளுங்கள். கழிவறையில் போய் எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது பிள்ளையின் சாப்பாடு.

மார்பு கட்டிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் பால் எடுப்பதை நிறுத்த வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பிடி சரிவராவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், பக்கத்தில் இருந்து விரலைப் பிடித்தே காட்டித் தருவார்.