சிம்ஸ் 4 பேக் வாங்குவதற்கு முன்: நான் காசு கொடுத்துக் கற்ற தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளில் சிம்ஸ் 4 ஆடுகிறவர்கள் நிறைய. சிம் என்கிற மனிதர்களை வைத்து வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் கணினி ஆட்டம் அது. பேக் என்பது அதோடு சேர்த்துக்கொள்ளத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பகுதி. வந்த வேலை முடிந்தாலும் போக மாட்டார்கள். "அண்ணே, இந்தப் பேக் வாங்கலாமா?" என்று போனை நீட்டுவார்கள். நான் 2004-இல் சிம்ஸ் 2 வந்த நாளிலிருந்து ஆடுகிறவன். இவர்கள் செய்யப்போகும் தவறெல்லாம் நான் முன்பே செய்து முடித்தவை. லேப்டாப் தாங்குமா, இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

இலவசமாக வருவதற்குக் காசு கொடுப்பது

2022 அக்டோபரிலிருந்து அடிப்படை ஆட்டமே இலவசம். அப்டேட்டில் வருவதற்கும் காசில்லை. 2014-இல் நீச்சல் குளம், 2017-இல் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகள், 2023 மார்ச்சில் கைக்குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் வந்தன. கைக்குழந்தை வந்த அதே வாரத்தில் 'குரோயிங் டுகெதர்' பேக்கும் வெளியானது. குழந்தை தவழ்வதைப் பார்க்கவே அந்தப் பேக்கை வாங்கியவர்கள் என் கடைக்கு வருகிறவர்களிலேயே இரண்டு பேர். குழந்தை ஏற்கெனவே அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

ஊர் அழகைப் பார்த்து வாங்குவது

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. முதல் ஏமாளி நான்தான்.

2019 ஜூனில் 'ஐலண்ட் லிவிங்' வந்தது. சுலானி என்று ஒரு தீவு. விளம்பரத்தில் அந்தக் கடலைப் பார்த்ததும் எனக்குப் புத்தி மட்டுப்பட்டுவிட்டது. வெளியான வாரமே முழு விலைக்கு வாங்கினேன். எக்ஸ்பான்ஷன் பேக், அதாவது பெரிய பேக், அப்போது 39.99 டாலர். மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டால் 150-க்கு மேல். நான்கு நாள் நீந்தினேன், கடற்கன்னி ஆனேன். ஐந்தாம் நாள் என் குடும்பத்தைப் பழையபடி வில்லோ கிரீக் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஏனென்றால் நான் ஆடுவது குடும்பக் கதை. சமையல், சண்டை, பிள்ளை படிப்பு, மாமியார். இதற்குக் கடல் எதற்கு?

சிம்ஸ் 3-இல் (2009) ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தே போகலாம். சிம்ஸ் 4 அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்குள் போவதற்கும் லோடிங் திரை வரும். அதனால் ஊர் என்பது பெரும்பாலும் சன்னல் வழியாகத் தெரியும் காட்சிதான். இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிப்போகும். எந்த ஊருக்குப் போனாலும் உங்களோடு கூடவே வருகிற விஷயம்தான் பேக்கில் மிச்சம்.

'சீசன்ஸ்' பேக்கைப் பாருங்கள். 2018-இல் வந்தது. அதில் புது ஊரே கிடையாது. ஆனால் மழை, வெயில், பனி என்று பருவங்கள் பழைய ஊர்களுக்கே வந்தன. காலண்டரில் நாமே ஒரு பண்டிகையை உருவாக்கலாம். என் சிம்களுக்கு வருடா வருடம் தீபாவளி உண்டு: விருந்து, பரிசு, பட்டாசு. எண்ணெய்க் குளியலுக்குத்தான் வழியில்லை. நான் வாங்கியதிலேயே அதிகம் உழைத்த பேக் அதுதான்.

போன தீபாவளி முடிந்த கையோடு, எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் ஒரு பெண் வந்தாள். பண்டிகைக்குக் கிடைத்த அங்பாவ் காசு முழுவதும் கையில். 'ஃபார் ரென்ட்' வேண்டும் என்றாள். 2023 டிசம்பரில் வந்த பேக் அது, ஊரின் பெயர் தொமராங், தென்கிழக்காசியச் சாயல், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் உண்டு. "அண்ணே, பாசார் மாலாம் எல்லாம் இருக்கு, நம்ம ஊரு மாதிரியே!" என்று குதித்தாள்.

"கடைசியா ஆடின மூணு ராத்திரி உன் சிம் என்ன பண்ணிச்சு?" என்று கேட்டேன்.

"தோட்டம் போட்டிச்சு. மாடு வளர்க்க முடியலியேன்னு கவலைப்பட்டிச்சு."

மாடு கோழிக்கு 'காட்டேஜ் லிவிங்' இருக்கிறது, தள்ளுபடி வரும்போது வாங்கு என்றேன். கேட்கவில்லை. தொமராங்கில் இருப்பது மொத்தம் 9 மனைகள். பத்து நாளில் பார்த்து முடித்துவிட்டாள். பாசார் மாலாமுக்கு நிஜத்திலேயே வாரா வாரம் போகிற பிள்ளை!

வெளியான வாரமே வாங்குவது

பொறுங்கள். வருடத்தில் பல முறை பழைய பேக்குகள் பாதி விலைக்கு வரும்.

பிளேஸ்டேஷனில் வாங்கிவிட்டுக் கணினியில் தேடுவது

வராது. மறுபடி காசுதான்.

பெரிய பேக்தான் நல்ல பேக் என்று நினைப்பது

'பேரன்ட்ஹுட்' ஒரு கேம் பேக், எக்ஸ்பான்ஷனைவிடச் சின்னது, முழு விலையே 19.99 டாலர்தான். என்னைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பல எக்ஸ்பான்ஷன்களைவிட அது மேல். பிள்ளைகளின் குணம் வளர்ப்பில் மாறும். வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளையைத் திட்டலாம், அதற்கே கொடுக்கலாம் காசு.

வாங்கியதை மூலையில் போட்டுவிடுவது

அந்தப் பெண் மூன்று மாதம் 'ஃபார் ரென்ட்' பக்கமே போகவில்லை. அதன் உயிர் தொமராங்கில் இல்லை, வாடகை வீட்டில் இருக்கிறது என்று நான்தான் உட்கார வைத்துக் காட்டினேன். ஒரே மனையில் 6 குடித்தனம் வரை பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குடும்பம். பழைய ஊர்களிலும் கட்டலாம். சரி என்று போனாள்.

ஒரு வாரம் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே பாட்டி. வில்லோ கிரீக்கில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடு, ஒரு தோட்டத்து லயம் கட்டியிருந்தாள். தகரக் கூரை, வரிசையாக ஆறு கதவு, வாசலில் கால்வாய், ஓரத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். ஒரு வீட்டில் சண்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். தொமராங்குக்கு அவள் அப்புறம் போகவே இல்லை.

பால்மரம் வெட்டி முப்பது வருடம் லயத்தில் இருந்தவர் அந்தப் பாட்டி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் விரல் வைத்துக் கதவுகளை எண்ணினார்.

"நம்ம லயத்துல பத்துக் கதவுல்ல. மீதி நாலு குடும்பம் எங்கம்மா?"

ஆறுக்கு மேல் ஆட்டம் விடாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "பக்கத்து மனையில கட்டிடுறேன் பாட்டி" என்றாள்.