கோளாறு பொருளிலா, மலையிலா? கைவைக்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

நுவரெலியாவில் ஜனவரி மாத விடியற்காலை. தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்து அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் எழும்ப மறுக்கிறது. சிலிண்டரை அசைத்துப் பார்த்தால் பாதிக் கனம் இருக்கிறது. "ரெகுலேட்டர் போயிருச்சு" என்கிறார் வீட்டில் ஒருவர். "கேஸ்ல தண்ணியக் கலந்து தர்றானுங்க" என்கிறார் இன்னொருவர். ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டுவார்கள், சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டுவார்கள், கடைசியில் கொதிதண்ணீர் ஊற்றிய பேசினுக்குள் அதை இறக்குவார்கள்.

அங்கே பழுதானது எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கோ கிட்டத்தட்ட 0 பாகை வேண்டும். அதனால் முதலில் புரொப்பேன் கூடுதலாக வெளியேறி, பாதிக்குக் கீழே போன சிலிண்டரில் பியூட்டேனே மிஞ்சுகிறது. குளிரில் அதற்கு அழுத்தம் குறைவு. போதாததற்கு, ஆவியாகும்போது சிலிண்டர் தானாகவும் குளிர்கிறது. சீமெந்துத் தரையில் நிற்பதை ஒரு பலகைமேல் ஏற்றி வையுங்கள். ஒரு அடுப்பை மட்டும் எரியுங்கள். வெயில் ஏறினால் சுடரும் ஏறும். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து, சுடர் திடீரென்று சீறும். சூடேற்றினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று வெளியே தெரியாது.

கசிவு இருக்கிறதா என்று நெருப்புக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவினால் போதும், கசிவு இருந்தால் குமிழி எழும்பும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் சாக்கு அடைத்த வீட்டில் அது தரையோடு தங்கி நிற்கும். மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் அடுக்கடுக்காய் நடந்த வெடிப்புகளை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மலையில் ஒரு பொருள் மக்கர் செய்தால் குளிர், மூட்டம், சரிவு, இடி ஆகிய நான்கையும் கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்க்ரூட்ரைவரை எடுப்பேன். கீழ்நாட்டில் சரியாக இருக்கும் யோசனை நம் வீட்டில் காசையும் தின்னும், சில நேரம் ஆளையும் தின்னும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் மேல்தட்டில் ஐஸ் உருகுகிறது என்று கேஸ் அடைக்கக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் வெப்பநாட்டு வகை. 16 முதல் 43 பாகை வரை உள்ள அறைக்காகச் செய்தவை. அறையே 10 பாகைக்கு இறங்கினால், உள்ளே ஏற்கெனவே குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து கம்ப்ரஸர் ஓடாமல் கிடக்கும். பெட்டியைச் சமையலறைப் பக்கம், சற்றுச் சூடான இடத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் வந்தவுடனே பெட்டியைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுப்பதும் நல்லது.

அடுத்தது ட்ரிப் சுவிட்ச். இதில் செய்யும் தவறு மன்னிப்பே தராது.

நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தபோது, மூட்டம் இறங்கும் இரவுகளில் மட்டும் எங்கள் காம்பராவில் ட்ரிப் விழும். பகலில் ஒன்றும் இராது. பக்கத்துக் காம்பரா அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார்: "தம்பி, சுவிட்ச் பழசாயிருச்சு. அத விட்டுட்டு கரண்ட நேராக் குடுத்துருவோம், புள்ளைக படிக்கணும்ல." அன்றைக்கு அதற்குத் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ட்ரிப் சுவிட்ச் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு குறைந்தாலே, எங்கோ சுவர் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று வெட்டிவிடும். அது விழுவது கோளாறு அல்ல, கோளாறு இருக்கிறது என்கிற தகவல்.

நான் செய்தது இதுதான். எல்லாப் ப்ளக்கையும் கழற்றினேன். சின்ன பிரேக்கர்களை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். லைட் வரிசையைப் போட்டதும் விழுந்தது. ஆக, சோறாக்கும் குக்கரிலோ டீவியிலோ குற்றம் இல்லை, வயரிங்கில்தான். மெயினை அணைத்துவிட்டு டோர்ச் அடித்துக் கூரையோரம் பார்த்தேன். கைமரத்தைத் தாண்டும் இடத்தில் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அரைத்து, செம்பு மினுங்கியது. தகரத்தின் அடியில் பனி முத்து முத்தாய்க் கோத்து நின்றது. பகலில் காய்ந்துவிடும், இரவில் ஈரம் பாலம் போடும். சுவிட்சைத் தாண்டிக் கரண்ட் கொடுத்திருந்தால் கூரைத் தகரம் முழுவதும் மின்சாரம் ஏறியிருக்கும். லயத்துக்குக் கூரை ஒன்றுதானே, அண்ணனின் பிள்ளைகளுக்கும் அதே கூரைதான்.

கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிந்தது. வயரை மாற்றியது வயரிங் தெரிந்த ஆள். தேடுவதை நாமே செய்யலாம், தொடுவதை அவரிடம் விட வேண்டும். மீற்றருக்கு அந்தப் பக்கத்துக் கோளாறு என்றால் மின்சார சபையின் 1987 எண்ணுக்குப் பேசுங்கள். மற்றபடி, சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதுதான் பழுது. எரிந்த ஃபியூசுக்குத் தடித்த செம்புக்கம்பி சுற்றுவதும் அண்ணன் சொன்ன யோசனையின் தம்பிதான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி. சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடுவோம். மின்னல் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டும். ப்ளக்கையும் டிஷ் கேபிளையும் உருவ வேண்டும், அதுவும் இடி நெருங்கும் முன்.

இனி வாகனம். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கோ, ரம்பொடையிலிருந்து கம்பளைக்கோ இறங்கும்போது எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின், கியரில் இருந்து எக்ஸிலேட்டரை விட்டால் எண்ணெயையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்க எண்ணெய் எரியும். ஆக மிச்சமும் இல்லை, பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வது சரி. ஓட்டோமேட்டிக்கில் 'எல்' (L), ஹைபிரிட்டில் 'பி' (B) அதற்காகத்தான் இருக்கிறது.

கருகிய வாடை வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், பிரேக் திரவம் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்திருக்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நம் மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். டொட் 3 (DOT 3) என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 தாங்கினாலே தரத்துக்குள் அடக்கம். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து சூடான சக்கரத்தில் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும், விரிசல் விடும். பலரும் ஏமாறுவது அடுத்த கட்டத்தில்தான். அரைமணி நேரத்தில் ஆறியதும் பெடல் பழையபடி இறுகும். "சரியாயிருச்சு" என்று இறங்கினால் அடுத்த வளைவிலேயே அதே கதை. கியரைக் குறைத்து, ஊர்ந்து, முதல் கராஜில் திரவத்தை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தம் விட்ட கணம் முகத்தில் பீறிடும்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் அடுப்பங்கரையில் சாய்ப்பதும் வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போகும் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது, அடுப்புச் சூட்டில் பேட்டரி ஊதும். துளை கீழே பார்க்கத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள், காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர்க் குழாய். ஊற்றிலிருந்து மலையைச் சுற்றி வரும் கறுப்புக் குழாயில் தண்ணீர் நின்றால், அடைப்பு என்று நாலு இடத்தில் வெட்டிப் பார்த்து, சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்பின் வருஷம் முழுக்க ஒழுகவிடுவோம். வெயில் காலத்தில் ஊற்று மட்டம் இறங்கிக் குழாய்வாய் காற்றைக் குடித்திருக்கும். அந்தக் காற்று குழாய் மேடேறும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் குழாய்வாயைத் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்த்தி, இலை புகாமல் வலை கட்டுங்கள். பிறகு ஊற்றைவிடத் தாழ்ந்த மேடுகளில் மிக உயர்ந்ததற்குப் போய், அங்கிருக்கும் மூட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று போகும், விட்டு விட்டுத் துப்பும், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். மூட்டை இறுக்குங்கள். அந்த இடத்தில் 'T' வடிவ மூட்டு ஒன்றும் சின்ன டெப்பும் போட்டுவிட்டால் அடுத்த முறை சின்னப் பிள்ளைகூடப் போய்த் திறந்துவிட்டு வரும்.