பாத்திரமே அழுதுவிட்டால் பார்ப்பவருக்கு என்ன மிச்சம்?

திரைக்கதை எழுத வரும் இளைஞர்களின் பிரதிகளையும், சிறுகதை எழுதத் தொடங்கியிருப்பவர்களின் முதல் கதைகளையும் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. உருக்கமான காட்சிகளை எழுதுவதில் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. சாவுக் காட்சியில் மழை வேண்டாம், வசனத்தை நீட்ட வேண்டாம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். எழுதும்போது சரியாகவே தோன்றி, படம் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பார்ப்பவரை முந்திக்கொண்டு பாத்திரம் அழுவது

‘அவள் கதறி அழுகிறாள்’ என்ற வரியைப் பிரதியில் பார்த்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த ஒரு வரியால் ஒரு படத்தின் உயிர்நாடியான காட்சி வீணாகப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

நான் வசனம் எழுதிய படம் அது. கிராமத்திலிருந்து அப்பா மகளைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறார். அவளுடைய அலுவலக வாசல்வரை போய்விட்டு, வேலை நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று அப்படியே பஸ் ஏறித் திரும்பிவிடுகிறார். அவர் வந்து போனது அவளுக்குத் தெரியாது. கடைசியில் தகவல் கிடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறாள், அதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கூடவே அந்தச் சென்னை பஸ் டிக்கெட். அவள் டிக்கெட்டின் தேதியைப் பார்க்கிறாள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அதன் பிறகு வருவதுதான் பிணவறை வாசலில் புரண்டு அழும் காட்சி.

நடிகை கிளிசரின் இல்லாமலே அழுதார். படப்பிடிப்பில் லைட்மேன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “சீன் நின்னுடுச்சு” என்று இயக்குநருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் ரஃப் கட்டை, அதாவது முதல் கட்டத் தொகுப்பை, வெளியாட்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். டிக்கெட்டைப் பார்க்கும் இடத்தில் அரங்கமே அசையவில்லை. அவள் அழத் தொடங்கியதும் ஆட்கள் நாற்காலியில் நெளிந்தார்கள், இரண்டு மூன்று கைபேசிகள் ஒளிர்ந்தன. கையெழுத்தோடு வெட்டிவிடலாம் என்று எடிட்டர் கெஞ்சினார், நானும் சொன்னேன். “ஆடியன்ஸுக்குப் புரியணும்ல?” என்று கேட்டுவிட்டு அழுகையை முழுசாக வைத்தார்கள், அதற்கு மேல் வயலின்களையும் வைத்தார்கள். தியேட்டரிலும் அதே நெளிசல்தான்.

ஏன் இப்படி ஆகிறது? டிக்கெட் கையில் வரும்போது, அப்பா வந்துபோன கதை நமக்கு முன்பே தெரியும். அவள் அடக்கிக்கொண்டிருப்பதை நாம் சுமக்கிறோம். அவள் வாய்விட்டு அழுததும் அந்தச் சுமையை அவளே வாங்கிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள், ‘போதும், யாராவது சமாதானப்படுத்துங்கள்’ என்றுதான் தோன்றும்.

அப்படியானால் பாத்திரம் அழவே கூடாதா? தாராளமாக அழலாம், முறை வரும்போது. 1955இல் வந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் மகள் துர்கா இறந்துவிடுகிறாள். வெளியூர் போயிருந்த அப்பா ஹரிஹருக்கு அது தெரியாது. திரும்பி வந்தவர் வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார், துர்காவுக்கு வாங்கிய புடவையையும் நீட்டுகிறார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த தாய் அங்கேதான் உடைகிறாள். அப்போதும் அவளுடைய குரல் நமக்குக் கேட்காது. அந்த அழுகுரலை எடுத்துவிட்டு, ரவிசங்கர் இசையமைத்த, தார் ஷெனாய் என்ற நரம்புக் கருவியின் உச்ச சுரங்களை ராய் அந்த இடத்தில் வைத்தார். ஹரிஹர் ஒவ்வொரு பொருளாக எடுக்க எடுக்க, ‘அடுத்து அவள் பெயரைச் சொல்லிவிடுவாரோ’ என்று பார்ப்பவர் பதறியாகிவிட்டது. தாயின் அழுகை நம்முடையதற்குப் பிறகுதான் வருகிறது.

எழுத்துக்கும் இதே கணக்குத்தான். பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் 112ஆம் பாட்டு ஐந்தே அடி. அந்த மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாத நிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு. கண்ணீர் என்றோ துயரம் என்றோ ஒரு சொல் அதில் கிடையாது. இரண்டு நிலவுக்கும் நடுவில் நடந்த போரையும் சாவையும் அந்தப் பெண்கள் சொல்லவில்லை, நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றித் தொடங்கும் பாட்டு, கொஞ்ச நேரத்தில் பாடுகிறவளின் சொந்தக் குறைக்குப் போய்விடும். செத்துப்போன தன் அண்ணன், பிறந்த வீடு கைவிட்டது எல்லாம் அதில் வந்து சேரும். வாசகர் அழுவதும் இப்படித்தான், தன்னிடம் இருப்பதை நினைத்துத்தான். அதற்கு இடம் விடாமல் நீங்களே அழுது தீர்த்தால் அவர் எதைக் கொண்டு வந்து வைப்பார்?

ரீரெக்கார்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

முடியாது. அங்கே சேர்க்கும் பின்னணி இசை இல்லாமல் ஓடும்போதே காட்சி மனதில் நிற்க வேண்டும்.

இழவை மட்டுமே நம்புவது

உருக்கம் வேண்டுமா, யாரையாவது சாகடி என்றுதான் கதை விவாதங்களில் முதல் யோசனை வருகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது இளிவு, அதாவது பிறர் முன்னால் இகழப்படுவது. அசைவு என்பது முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு ஒரு முதியவரை எழுப்பி, அந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைக்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். சாவே தேவையில்லை.

குளோசப் காப்பாற்றும் என்று நினைப்பது

ரஷ்யத் திரைக்கலைஞர் குலெஷோவின் சோதனை திரைப்படப் பள்ளிகளில் இன்றும் சொல்லித் தரப்படுகிறது. ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் ஆழ்ந்த யோசனையையும் துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் இரண்டிலும் ஒன்றுதான். முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதை முதலில் எழுதுங்கள்.

சாவை ட்விஸ்ட்டாக வைப்பது

திடுக்கிடல் சில நொடிகள் இருக்கும், அவ்வளவுதான்.

‘உண்மைச் சம்பவம் சார்’ என்று வாதாடுவது

நினைவு தப்பிய தன் பாட்டியின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பையன் கதை எழுதி வந்தார். பேசும்போது அவர் குரல் உடைந்தது. எழுதிய தாளில் ஒன்றுமே இல்லை. ‘தாங்க முடியாத வேதனை’, ‘இதயம் நொறுங்கியது’ என்று வரிகள் மட்டும் இருந்தன. “எல்லாமே நிஜமா நடந்தது சார்” என்றார். நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாசகர் அந்த வீட்டில் இருந்ததில்லை. அந்த வீட்டுக்குள் அவரைக் கூட்டிப் போக நாலு பொருளும் இரண்டு செயலும் வேண்டும்.

பாட்டி நாள் முழுக்க என்ன செய்வார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பேரன் பெயர்கூட மறந்துபோன பிறகும் தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து மூடி வைப்பார் என்றார். யாருக்கு என்று கேட்டால், “அவன் ஸ்கூல்ல இருந்து வருவான்” என்பாராம். பாட்டி அதைச் சொன்னபோது பேரன் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். இது ஏன் கதையில் இல்லை என்று கேட்டேன். “சின்ன விஷயம்னு விட்டுட்டேன் சார்.”

வேதனை, நொறுங்கல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அந்த இட்லியிலிருந்து கதையைத் தொடங்கச் சொல்லி அனுப்பினேன்.